ஆவுடையப்பன் வீட்டுக்கு ஐசிகள் நடந்து வந்த கதை

புளியங்குடியில் சாரல் பிடித்திருந்த ஒரு காலையில், குழாயடியில் குடத்தைப் போட்டுவிட்டு வாயடித்துக்கொண்டிருந்த பெண்கள் தங்கள் காலடியில் ஏதோ வரிசையாக ஊர்ந்து போவதைப் பார்த்து, மழைக்கு மரவட்டை கிளம்பிவிட்டது என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார்கள், ஒருத்தி விளக்குமாற்றால் தள்ளிவிடவும் போனாள், குனிந்து பார்த்தால் மரவட்டையாவது மண்ணாவது, கறுத்த முதுகும் இரண்டு பக்கமும் வெள்ளிக் கால்களும் முதுகில் பொடி எழுத்தில் நம்பருமாக, ரேடியோவைப் பிரித்தால் உள்ளே பலகையில் உட்கார்ந்திருக்குமே அந்த ஐசிகள், டிக் டிக்கென்று காலை ஊன்றி, ஒன்றன் பின் ஒன்றாக, யாருக்கும் வழிவிடாமலும் யாரையும் இடிக்காமலும் கீழ பஜாரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் எலுமிச்சை மண்டிக்குப் பின்னாலிருக்கிற குப்பைக் குழியிலிருந்து வந்தன. எங்கே போகின்றன என்று பார்த்தால் போட்டோ ஸ்டுடியோ ஆவுடையப்பன் வீட்டுக்குப் போயின.

அழுகின எலுமிச்சம்பழப் புளிப்பில் வருசக்கணக்காக ஊறியதால்தான் காலுக்கு உயிர் வந்தது என்றார்கள் சிலர், இந்த வருசச் சாரலே ஒரு மாதிரிதான் என்றார்கள் சிலர், அதற்கு மேல் யாரும் அதைப் போட்டுக் குடையவில்லை. வந்தாச்சு, இனி ஆகவேண்டியதைப் பார்க்கவேண்டியதுதானே. டீக்கடைக்காரர் சாக்கடை மேல் ஒரு பலகையைப் போட்டுவிட்டார், விழுந்து தொலைக்கக் கூடாதென்று. ஆட்டோக்காரர்கள் கோயில் யானைக்கு நிற்பதுபோல வண்டியை ஓரங்கட்டினார்கள். கொசு மருந்துக்காரர் வந்து புகையடித்தார், ஐசிகள் நின்று உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு மறுபடி நடந்தன, இது கொசு இல்லை என்று அவர் போய்விட்டார். அம்மன் கோயில் பிராகாரம் வழியாக ஒரு வரிசை போனபோது தீட்டு உண்டா என்று பூசாரியிடம் கேட்டார்கள். வாயில்லாததற்கு எச்சில் இல்லை, எச்சில் இல்லாததற்குத் தீட்டும் இல்லை என்று அவர் தீர்ப்புச் சொன்னார். ரெண்டு மூன்று நாளில் ஊருக்கு இது பழகிப்போய், நடையில் கோலம் போடுகிறவர்கள் ஐசி போவதற்கு ஒரு விரல்கடை இடைவெளி விட்டுப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

பழகாதவர் ஊரில் ஒரே ஆள்தான், அது ஆவுடையப்பன்.

ஆவுடையப்பன் யாரென்று தெரியாவிட்டால் இந்தக் கதை பிடிபடாது. பஜாரில் அவருடையதுதான் 'ராசியான ஸ்டுடியோ'. பேரே அதுதான். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கப் பெண்ணை அவர் போட்டோ எடுத்தால் வரன் அமைந்துவிடும் என்று சுற்றுப்பட்டி பூராவும் ஒரு நம்பிக்கை, அந்த நம்பிக்கையில்தான் வீட்டு அடுப்பு எரிந்தது. பொழுதுபோக்குக்கு எலெக்ட்ரானிக்ஸ். ஞாயிற்றுக்கிழமை மண்டிக்கு லீவு, மண்டிக்காரர் மைதீன் பிச்சை மாடியறையைத் திறந்துவிடுவார், பத்துப் பதினைந்து பேர் சங்கமாகக் கூடி ஒருவர் மழை வந்தால் கூவுகிற மணி செய்வார், ஒருவர் தொட்டியில் தண்ணீர் நிறைந்தால் கத்துகிற பெட்டி செய்வார், செய்ததெல்லாம் வேலை செய்துவிடுமா என்ன, பாதி செய்யாது. வேலை செய்யாததை மேசையில் ஆவுடையப்பன் முன்னால் வைப்பார்கள். அவர் மீட்டரைத் தொடமாட்டார். ஐசி மேல் ஒரு விரலை வைப்பார், கண்ணை மூடுவார், வைத்தியர் நாடி பார்ப்பதுபோல ஒரு நேரம் இருந்துவிட்டுச் சொல்லுவார்: "ஐசி செத்துட்டு. தூக்கிப் போடும்." செத்த ஐசியைப் பிடுங்கி மாடி ஜன்னல் வழியாக எலுமிச்சைக் குழியில் விட்டெறிவது சங்கத்து வழக்கம், எறியும்போது எல்லாருமாக "கோவிந்தா!" என்பார்கள், மைதீன் பிச்சைதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்லுவார். புது ஐசியை மாட்டினால் பெரும்பாலும் எல்.இ.டி விளக்கு எரியும். எரிந்தால் கேட்க வேண்டுமா, "அண்ணாச்சி விரலு விரலுதான்யா!" என்று ஒரே ஆரவாரம். அண்ணாச்சியும் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு, அதெல்லாம் ஒன்றுமில்லை என்பதுபோல ஒரு சிரிப்புச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பை இப்போது நினைக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

ஏனென்றால் ஐசிகள் வந்த முதல் நாள், சுவரேறி, அவர் எடுத்த கல்யாணப் போட்டோக்களுக்கு நடுவே போய் உட்கார்ந்த ஐசிகளில் ஒன்றை எடுத்து, சும்மா இருக்கமாட்டாமல், டார்ச்சு பேட்டரியில் ஒரு சின்ன சர்க்யூட் கட்டி அதில் மாட்டிப் பார்த்தார். எல்.இ.டி கண் சிமிட்டியது. சரி, ஒன்று தப்பியிருக்கும் என்று அடுத்ததை மாட்டினார், அதுவும் சிமிட்டியது. அதற்கடுத்ததும் சிமிட்டியது. மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகிறவரைக்கும் மாட்டி மாட்டிப் பார்த்தார், ஒன்றுகூடச் செத்ததில்லை, எல்லாம் கல்லுக்குண்டாட்டம் இருந்தன. விரலை வைத்து அவர் சாவோலை வாசித்த அத்தனையும் அன்றைக்கும் உயிரோடுதான் இருந்திருக்கின்றன.

"அப்போ எது கெட்டுப்போயிருந்துச்சு?" என்று பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்டாட்டி செண்பகம் கேட்டாள். அவள் கேட்டது சாதாரணமாகத்தான். அவருக்குத்தான் செவிட்டில் அறைந்ததுபோல் இருந்தது.

மறுநாளே மண்டிக்குப் போய், சங்கத்து மேசைக்கு நடுவில் இருக்கிற மின்சாரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாருடைய சர்க்யூட்டுக்கும் மின்சாரம் தருவது அந்தப் பெட்டிதான், அது அவரே கையால் செய்து சங்கத்துக்குக் கொடுத்தது, முகப்பில் தன் பெயரைக்கூடப் பெயின்டில் எழுதியிருந்தார். பெட்டியை மட்டும் மீட்டரில் அளந்தால் வோல்டேஜ் சொன்னபடி இருந்தது. சர்க்யூட்டை மாட்டி, ஐசியின் காலிலேயே மீட்டர் முனையை வைத்து அளந்தால் பாதிகூட இல்லை. எதைச் சந்தேகப்பட்டாலும் முதலில் வருகிற மின்சாரத்தைப் பார், அதையும் பெட்டி வாசலில் பார்க்காதே, அது போய்ச் சேருகிற இடத்தில் பார், வேலை செய்துகொண்டிருக்கும்போதே பார் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் பாடம் நடத்துவார். ஊருக்குத்தான் உபதேசம். பெட்டியைத் திறந்தார். கறுப்பு ஒயரைப் பற்றவைத்த இடத்தில் ஈயம் மேலே பளபளவென்று குண்டாக உட்கார்ந்திருந்தது, உள்ளே பிடிக்கவில்லை. ஒயர் தளர்ந்து கிடந்தால் தொட்டுக்கொள்ளும். இழுத்தால் விட்டுவிடும். புது ஐசி மாட்டுகிறேன் என்று நாலு பேர் மேசையை அசைக்கும்போது மறுபடி தொட்டுக்கொள்ளும், எல்.இ.டி எரியும், "அண்ணாச்சி விரலு விரலுதான்யா!"

"ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்," என்றாள் செண்பகம். சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, சொல்லியிருக்க வேண்டாமோ என்று உள்ளே போய்விட்டாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒயரைக் கையில் பிடித்து, எவ்வளவு இழுத்தால் விடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தவருக்குத் திடீரென்று மேசையின் கடைக்கோடி ஞாபகம் வந்தது, கடைக்கோடியில் தனியாகப் போட்டிருந்த பெஞ்சு ஞாபகம் வந்தது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த பேச்சித்தாய் ஞாபகம் வந்தாள், ஒயரைக் கையிலிருந்து விட்டுவிட்டார்.

பேச்சித்தாய் தையல்காரி. புருசன் லாரிக்குப் போகிறவன். மிசினில் கீழ்நூல் தீர்ந்துபோனது தெரியாமல் பாவாடை ஓரம் பூராவும் வெறும் ஊசியாகத் தைத்துக்கொண்டு போய், திரும்பப் பார்த்து நொந்துகொள்கிற தொல்லைக்கு, நூல் தீர்ந்ததும் கூவுகிற மாதிரி ஒரு சின்னக் கருவி செய்யவேண்டுமென்று அவளுக்கு ஆசை. புத்தகம் பார்த்து அவளே செய்தும்விட்டாள். வீட்டில் பேட்டரியில் கூவியது, சங்கத்தில் காட்டலாம் என்று கொண்டுவந்தாள். சங்கத்தில் அவள் ஒருத்திதான் பெண். பொம்பளைப் பிள்ளை ஆம்பளைகள் நடுவில் இடிபட வேண்டாம், கௌரவமாகத் தள்ளி உட்காரட்டும் என்று ஓரத்தில் பெஞ்சு போடச் சொன்னது ஆவுடையப்பன்தான். அந்த ஓரத்துக்குப் பெட்டியின் ஒயர் எட்டாது. இழுத்துப் பிடித்துத்தான் மாட்டவேண்டும்.

இழுத்துப் பிடித்து மாட்டினார்கள். கூவவில்லை. புது ஐசி வாங்கிவந்தாள், கூவவில்லை. வாராவாரம் வாங்கிவந்தாள், வாராவாரம் கோவிந்தா போட்டார்கள். "வீட்ல நல்லாக் கூவுச்சே அண்ணாச்சி, இங்க வந்தா மட்டும் ஏன் கூவ மாட்டேங்கு?" என்று அவள் கேட்டாள். அதைவிடத் தெளிவாக ஒரு மனுசி வேறெப்படிக் கேட்பாள்? வீட்டில் இல்லாதது, இங்கே மட்டும் இருப்பது என்ன என்று ஒரு கணம் யோசித்திருந்தால் கை தானாகப் பெட்டிக்குப் போயிருக்கும். ஆனால் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவுடையப்பன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒனக்குக் கைராசி இல்ல, தாயி. நீ தொட்டா செத்துருது."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? 'நீ தொட்டா செத்துரும்' என்பது மாடியறையிலிருந்து இறங்கி டீக்கடைக்கு வந்தது, டீக்கடையிலிருந்து குழாயடிக்கு வந்தது, வரும்போதே ஐசியை வழியில் எங்கேயோ தவறவிட்டுவிட்டது. அவள் ஜாக்கெட் தைத்துக் கொடுத்த ஒரு நிச்சயதார்த்தம் முறிந்தது, நிச்சயதார்த்தம் முறிவதற்கு ஆயிரம் காரணம், ஊருக்கு ஒன்று போதும். முகூர்த்த ஜாக்கெட்டுக்கு அவளிடம் துணி வெட்டக் கொடுப்பது நின்றது. வளைகாப்பில் வளையல் அடுக்கப் போனவளிடம் "நீ உக்காரு மதினி, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்கள். பக்கத்து வீட்டுக் கைப்பிள்ளை அவளைப் பார்த்துக் கையை நீட்டியபோது பெற்றவள் பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். கிழிந்த தலையணை உறையும் பள்ளிக்கூட யூனிபாரமும்தான் அவளிடம் வந்தன. இதெல்லாம் ஆவுடையப்பனுக்குத் தெரியும். தெரிந்தபோது 'விளையாட்டுக்குச் சொன்னதுக்கு நானா பொறுப்பு' என்று தட்டிவிட்டுவிட்டார். இப்போது எந்தக் கையால் தட்டிவிட?

இனி ஊர் செய்ததைக் கேளுங்கள். செத்த ஐசிகள் எல்லாம் எழுந்து ஆவுடையப்பன் வீட்டுக்கு ஏன் நடக்கின்றன என்று ஊர் யோசித்தது, யோசித்து ஒரு முடிவுக்கும் வந்தது, அதை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் மைதீன் பிச்சை. "செத்ததுக்கெல்லாம் உசிரு குடுக்க கையிய்யா அது! சும்மாவா தேடிப் போவுது?" அவ்வளவுதான். மறுநாள் காலையில் ஸ்டுடியோ வாசலில் கூட்டம். நின்றுபோன கடிகாரம், ஓடாத மிக்சி, இரை எடுக்காத ஆட்டுக்குட்டி, படிப்பு ஏறாத பிள்ளை, எல்லாவற்றையும் கொண்டுவந்து "ஒரு விரலை வைங்க அண்ணாச்சி" என்று நின்றார்கள். "ஐயோ, அது ஒண்ணும் சாகவே இல்லய்யா, நாந்தான் பாக்காமச் சொல்லிட்டேன்" என்று சொல்ல வாயைத் திறந்தார், சொல்ல வரவில்லை. வைத்தார் விரலை. ஆட்டுக்குட்டி இரை எடுத்தது, அது பாட்டுக்கு எடுத்திருக்கும். அதற்கும் ஒரு மாலை வந்தது. மாலை கழுத்தில் விழும்போது வெட்கத்தில் அவருக்குக் காது மடல் எரிந்தது, அதை ஊர் தேஜஸ் என்றது.

பழி சொன்னால் வாதாடலாம், பாராட்டை எங்கே போய்த் துப்ப? சாப்பாடு இறங்கவில்லை. கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்ய முடியாமல் தடவிப் பார்த்தே செய்தார். ஐசிகளில் கொஞ்சத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிவிடுவது என்று கிளம்பினார், யார் யாருடைய ஐசி என்று அவருக்குத் தெரியாது, ஐசிக்குத் தெரிந்திருந்தது. அவர் ஒரு வீட்டுப் படியில் ஏறி, "ஒங்க ஐசி சாகலய்யா, என் பெட்டி ஒயருதான் கோளாறு, நான் சோதிக்காமச் சொன்னேன், மன்னிச்சிருங்க" என்று சொன்னதும், சட்டைப் பைக்குள்ளிருந்து ஒன்றிரண்டு ஐசிகள் இறங்கி அந்த வீட்டுக்குள் நடந்துபோய்விடும். வீட்டுக்காரர்கள் ஐசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவருக்குக் காப்பி கொடுத்தார்கள். "எவ்வளவு பெரிய மனுசன், பழியைத் தம் மேல போட்டுக்கிடுதாரு பாருங்க" என்று அவர் தெரு திரும்புவதற்குள் பேசிக்கொண்டார்கள். இப்படியாக ஊரெல்லாம் சுற்றினார். பேச்சித்தாய் வீடு இருக்கிற தெருவுக்கு மட்டும் போகவில்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று, இருக்கிற தெருவெல்லாம் தீர்ந்தபிறகும் போகவில்லை. வீட்டில் மிச்சம் இருந்ததெல்லாம் அவளுடைய ஐசிகள்தான், அவைதான் எண்ணிக்கையில் அதிகம். சுவரில் அவர் மகள் இந்துமதியின் போட்டோவைச் சுற்றி மொய்த்துக்கொண்டு அவை நகராமல் இருந்தன.

அவர் போகாவிட்டால் என்ன, ஊர் அவளையே கொண்டுவந்து நிறுத்தியது. சங்கத்தில் ஆவுடையப்பனுக்குப் பாராட்டு விழா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை ஏற்பாடு. மாடியறை கொள்ளாமல் படிக்கட்டு வரைக்கும் ஆட்கள். மைதீன் பிச்சை பொன்னாடை போர்த்திவிட்டு, "இன்னொரு நல்ல காரியமும் இருக்கு" என்று பேச்சித்தாயை முன்னால் கூப்பிட்டார். நாலு பெண்கள் அவளைத் தள்ளாத குறையாகக் கூட்டிவந்தார்கள். "பாவம், கைராசி இல்லாமக் கஷ்டப்படுதா. செத்ததுக்கே உசிரு குடுத்த கை. அண்ணாச்சி, இவ தலையில ஒருக்க வைங்க, தோசம் கழியட்டும்."

மைதீன் பிச்சை கெட்ட மனுசன் இல்லை. மனசாரத்தான் சொன்னார். பேச்சித்தாய் தலைகுனியவில்லை, ஆவுடையப்பன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆவுடையப்பனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. பொன்னாடையை உருவி மேசையில் போட்டார்.

"இவளுக்கு ஒரு தோசமும் இல்ல. தோசம் என் பெட்டியில. ஒரு ஐசியும் சாகல, ஒண்ணையும் நான் பொழைக்க வைக்கல. ஒரு நாளும் மீட்டர் வச்சுப் பாக்காம, நீங்க கைதட்டுதியள்னு, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இவ கேட்டா, வீட்ல வேலை செய்யுது இங்க ஏன் செய்யலைன்னு. பதில் தெரியாம, தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, இவ கை மேல பழியைப் போட்டேன்."

யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். "தன்னடக்கம்னா இதுதான்யா!" என்றது படிக்கட்டு.

"தட்டாதியய்யா!" என்று கத்தினார் ஆவுடையப்பன். "கண்ணால பாருங்க!" அந்தக் கோளாறான பெட்டியை அப்படியே கொண்டுவந்திருந்தார். நடுமேசையில் வைத்து ஒரு சர்க்யூட்டை மாட்டினார், எல்.இ.டி எரிந்தது. "இப்போ பாருங்க, ஒயரை இழுக்கேன், அந்த ஓரத்து பெஞ்சு வரைக்கும் கொண்டுபோறேன்." இழுத்தார். பேச்சித்தாய் இப்போது ஒதுங்கி நின்றிருந்த ஓரத்துக்குப் போனதும் எல்.இ.டி அணைந்தது. நடுவுக்குக் கொண்டுவந்தார், எரிந்தது. மறுபடி ஓரத்துக்கு, அணைந்தது.

"பாத்தியளா!" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. "அவ கிட்டப் போனாலே அணைஞ்சுருதுல்லா!"

ஆவுடையப்பன் பேச்சித்தாயைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்து காட்டினார். அப்போதும் அணைந்தது. "அவ உக்காந்த இடம்லா," என்றார்கள். ஒயர், ஈயம், இழுவை என்று அவர் சொல்லச் சொல்ல, சாமியாடி குறி சொல்வதைக் கேட்பதுபோலக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியது போதாதென்று, அந்த வேலுக்கு ஊரார் சந்தனமும் பூசுகிறார்கள். ஆவுடையப்பன் பெஞ்சிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் பேச்சித்தாய் வாயைத் திறந்தாள்.

"அண்ணாச்சி, அழாதிய. நான் ஒண்ணு கேக்கேன். இந்து கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சுன்னு கேள்விப்பட்டேன். அவ முகூர்த்தப் பட்டு ஜாக்கெட்டை என்கிட்ட வெட்டக் குடுப்பியளா?"

ஊருக்கு ஒயரும் தெரியாது ஈயமும் தெரியாது, இது தெரியும். ஆவுடையப்பன் முகத்திலிருந்து கையை எடுத்தார். குடுப்பேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் வாய்க்கும் சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு நின்றது. ஒரே ஒரு மூச்சு. அந்த மூச்சுக்குள் அவர் கண்ணில் மணவறையும், மாலையோடு இந்துமதியும், அவள் முதுகில் அந்த ஜாக்கெட்டும் வந்துபோயின. அப்புறம் "தாரேன்" என்றார்.

சொன்னபடி செய்தார். மறுநாள் காலையில் பட்டுத்துணியைத் தாம்பாளத்தில் வைத்து, செண்பகம் முன்னால் வர, இந்துமதி கூட வர, கீழ பஜார் வழியாக, எல்லாரும் பார்க்கும்படி நடந்தே போய், அவர் எட்டிப் பார்க்காமல் விட்டிருந்த அந்தத் தெருவுக்குள் நுழைந்து கொடுத்தார். இந்துமதிக்கு ஒரு யோசனையும் இல்லை, "கைக்கு மட்டும் கொஞ்சம் லூசா வையுங்க அக்கா" என்றாள். பேச்சித்தாய் அளவெடுத்து, அவர்கள் முன்னாலேயே கத்தரியைப் போட்டாள். ஜாக்கெட் கச்சிதமாக வந்தது. கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அம்மி மிதித்துவிட்டுப் பெண்ணும் மாப்பிள்ளையும் எழுந்திருப்பதற்குள்ளேயே ரெண்டு பேர் பேச்சித்தாயிடம் வந்து, தை மாசம் எங்க வீட்டிலும் ஒரு விசேசம் இருக்கிறது, துணி கொண்டாரவா என்று கேட்டார்கள். ஒரு கைப்பிள்ளையை யாரோ அவள் மடியில் போட்டுவிட்டுப் பந்திக்குப் போனார்கள். ஊருக்கு அவ்வளவுதான், பழைய பேச்சு எச்சில் இலையோடு போயிற்று. நடந்து வந்த ஐசிகளில் மற்றவர்களுடையவை எல்லாம் அவரவர் வீட்டில் நல்லபடியாக வேலை செய்தன. பேச்சித்தாயுடையவை மட்டும் கல்யாண நாளன்றும் ஆவுடையப்பன் வீட்டுச் சுவரைவிட்டு இறங்கவில்லை.

மண்டப வாசலில் ஆவுடையப்பன் கையெடுத்துக் கும்பிட்டு எல்லாரையும் வழியனுப்பிக்கொண்டிருந்தார். தாம்பூலப் பையோடு பேச்சித்தாய் வந்தாள். அவளைப் பார்த்ததும் அவருக்குக் கை இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

"எல்லாம் நல்லாச் செஞ்சிய அண்ணாச்சி," என்றாள். "சொன்ன சொல்லையும் காப்பாத்திட்டிய. ஆனா அன்னைக்கு நான் கேட்டதும் ஒரு மூச்சு நின்னியள்ளா."

இல்லை என்று சொல்ல அவருக்கு ஆசையாக இருந்தது. எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள், யார் காதிலும் விழாது, என்ன சொன்னாலும் போதும்.

"ஆமா தாயி. நின்னேன்."

"அந்த நேரத்துல என்ன நெனச்சிய?"

ஆவுடையப்பன் அவள் கையைப் பார்த்தார். ஊசி குத்திக் காய்த்த விரல்கள் தாம்பூலப் பையைப் பிடித்திருந்தன. பெட்டியைத் திறந்தபோது வந்த வெட்கமும், மாலை விழுந்தபோது வந்த வெட்கமும் இதன் பக்கத்தில் நிற்காது. பெட்டியில் இருந்தது ஒயர் கோளாறு. இது அப்படி இல்லை.

"எம் மவளுக்கு எதுவும் ஆயிருமோன்னு நெனச்சேன்," என்றார். "அது பொய்யின்னு எல்லாரையும்விட எனக்குத்தான் தெரியும். நாந்தானே அதைச் சொன்னேன். தெரிஞ்சும் நெனச்சேன்."

பேச்சித்தாய் அவரைக் கோபமாகப் பார்க்கவில்லை.

"நானும்தான் அண்ணாச்சி," என்றாள். "துணியில கத்தரி வைக்கும்போது எனக்கும் கை நடுங்குச்சு."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். பின்னால் வந்தவர்கள் "அப்போ வாரோம் அண்ணாச்சி" என்றார்கள். ஆவுடையப்பன் அவர்களைப் பார்த்துக் கும்பிட்டார்.